இருபது ஜிகாபைட் வெறுமை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எல்லோரும் எதையாவது சேர்த்து வைப்பார்கள். பழைய கலியாண அழைப்பிதழ், வெளிநாட்டு பிஸ்கட் தகரம், பூட்டு தொலைந்துபோன திறப்பு, முப்பது வருடக் கோபம். வெறும் இடத்தைச் சேர்த்து வைத்த ஒரேயொரு மனிதரைத்தான் நான் கண்டிருக்கிறேன். அவர் பெயர் பொறுங்கோ.

பெற்றோர் வைத்த பெயர் காலையில் கையெழுத்து வைக்கும் வரவுப் புத்தகத்தில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எதைக் கேட்டாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் அதுவாக இருந்ததால் அதுவே பெயராகிவிட்டது. தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்டால் "பொறுங்கோ" என்பார். யோசிப்பார். பிறகு "ஓம்" என்பார். ஒருநாள் கேத்தல் வயரில் தீப்பிடித்தது. நான் தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டேன். "பொறுங்கோ" என்றார். வாசலுக்கு நடந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினார். திரும்பி வந்து வாளியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். மின்சாரம் ஓடிய வயரில் அந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தால் என்னுடைய மரண அறிவித்தலை யார் எழுதியிருப்பார்கள் என்று அன்று முழுவதும் யோசித்தேன். ஏனென்றால் எங்கள் கந்தோரில் மரண அறிவித்தல் எழுதுகிறவன் நான்தான்.

கந்தோர் யாழ்ப்பாண நகரில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருந்தது, இன்றும் இருக்கிறது. இணையத்தில் மரண அறிவித்தல் வெளியிடுவது தொழில். ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் பிள்ளைகள் நான்கு நாடுகளிலிருந்து எங்களைக் கூப்பிடுவார்கள். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் என்று தொடங்கி மருமக்கள், பெறாமக்கள், சகலன், சம்பந்தி ஈறாக எல்லாப் பெயரையும் முறைப்படி அடுக்குவது என் பொறுப்பு. ஒரு சகலன் விடுபட்டால் அவர் மூன்று நாளைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். குருநகரிலிருந்து வரும் மெற்றில்டா அழைப்புகளை எடுத்துப் பக்கங்களை ஏற்றுவாள். பின்னறையில், குளிரூட்டிக்குக் கீழே, சேர்வர் இருந்தது. எல்லா அறிவித்தலும் எல்லாப் படமும் எல்லா அஞ்சலியும் அந்த ஒரு பெட்டிக்குள். அதைப் பார்த்துக்கொண்டவர் உடுப்பிட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் பொறுங்கோ. முதலாளி அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் இருந்துகொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. ஒரு வரியையும் வெறுமையாக விட்டதில்லை. கீழே வரும் நேரங்கள் எல்லாம் அதிலிருந்து எடுத்தவை.

பொறுங்கோ இடம் சேர்த்த விதத்தைக் கேளுங்கள். அவருடைய சாப்பாட்டுக் கரியரில் மூன்று தட்டு. மேல்தட்டு எப்போதும் வெறுமை. ஆரும் ஏதும் தந்தால் எதில் வாங்குவது என்பார். நான்கு வருடத்தில் மெற்றில்டா ஒரே ஒரு நாள் நண்டுக்கறி கொண்டுவந்து கொடுத்தாள். மேல்தட்டைக் கழற்றி அதை வாங்கியபோது அவர் முகத்தில் இருந்த வெற்றியை நான் எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை. மேசையில் மூன்று லாச்சி; ஒன்றில் காற்று. மோட்டார் சைக்கிளில் இரண்டு ஹெல்மெட்: ஒன்று தலையில், மற்றது பின் இருக்கையில் கொளுவியபடி. பின்னால் ஏற ஆள் இல்லை. அவர் கலியாணம் செய்யாதவர். மெற்றில்டா இதை விடுவாளா?

"என்னண்ணை, பொம்பிளைக்கோ இடம் விட்டு வைச்சிருக்கிறியள்?"

"பொறுங்கோ பிள்ளை."

"நான் பொறுப்பன். அவவெல்லோ பொறுக்க வேணும்."

ஏன் இப்படி என்று நான் மூன்று தரம் கேட்டேன். மூன்று பதில் கிடைத்தது. மூன்றும் திகதியோடு என்னிடம் உண்டு. முதல் தரம், தன் தகப்பன் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்ததாகவும், ஓர் ஆணி வைக்கவும் இடமில்லாத மேசையில் கோப்பையை மடியில் வைத்துச் சோறு தின்றதாகவும் சொன்னார். இரண்டாம் தரம், இயந்திரத்துக்குள் காற்று ஓட இடம் வேண்டும் என்றார். மூன்றாம் தரம் நல்ல மழை. இடம்பெயர்ந்து போன நாளில் தாங்கள் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அலுமாரி, தையல் மெசின், கடையிலிருந்த ரேடியோக்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டதாகவும், ஒழுங்கை முகப்பில் ஒரு மனுசி கைகாட்டியதாகவும், அவளை ஏற்ற இடமிருக்கவில்லை என்றும் சொன்னார். "அந்த ரேடியோவிலை ஒண்டும் வேலை செய்யேல்லை அண்ணை" என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த வரியில் மழை விட்ட நேரத்தை எழுதியிருக்கிறேன்.

சேர்வரை அவர் ஒருபோதும் அஃறிணையில் பேசியதில்லை. "அவருக்கு இண்டைக்கு வயிறு கொஞ்சம் பாரம்" என்பார். அவருடைய கணக்கில் டிஸ்க் என்பது வயிறு. முக்கால் வயிற்றுக்கு மேல் நிரப்புவது பாவம். முதலாளி ஒவ்வொரு அறிவித்தலிலும் குத்துவிளக்கு ஒன்று அசைந்து அசைந்து எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, பொறுங்கோ மூன்று மாதம் "பொறுங்கோ" என்று சொல்லியே அந்த விளக்கை அணைத்தார். முதலாளி அதை மறக்கவில்லை.

அதற்குமேல் அதே வருடத்தில் எங்கள் தளம் இரண்டு தரம் நின்றுவிட்டது. முதல் தரம் ஓர் அணில் கேபிளைக் கடித்தது. இரண்டாம் தரம் கூரையிலிருந்த தண்ணீர்த் தாங்கி வெடித்தது. இரண்டுக்கும் பொறுங்கோவே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அணிலுக்கும் தாங்கிக்கும் மெல்பேணிலிருந்து தொலைபேசி எடுக்க முடியாதல்லவா. இனி ஒரு தரம் சைட் நின்றால் ஆளும் நிற்கத் தேவையில்லை என்று முதலாளி என்னிடம் சொல்லி, அதை அவரிடம் சொல்லும்படியும் சொன்னார். சொன்னேன். பொறுங்கோவுக்கு ஐம்பது வயது. கம்பியூட்டர் படித்ததற்கு ஒரு துண்டுக் கடதாசியும் கையில் இல்லை. கற்றதெல்லாம் தகப்பனின் கடையில் ரேடியோவைக் கழற்றிப் பூட்டிக் கற்றதுதான். இந்தக் கதிரையை விட்டால் இன்னொரு கதிரை அவருக்குக் கிடைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாட்களில்தான் முதலாளி எங்கோ ஒரு சேர்வருக்குள் கள்ளர் புகுந்த செய்தியை வாசித்துவிட்டு, இனி எல்லா அப்டேட்டும் தானாக நடக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். பொறுங்கோ, தான் பக்கத்தில் இருக்கும்போது கையால் செய்வதே நல்லது என்று மன்றாடிப் பார்த்தார். எடுபடவில்லை.

இனி என்னுடைய பங்கு. பழைய படங்களை வருடவாரியாகப் பிரித்து வைப்பதற்காக முதலாளி எனக்கும் ஒரு பாஸ்வேர்ட் தந்திருந்தார். எல்லாக் கதவையும் திறக்கும் பாஸ்வேர்ட். அது இரண்டு பேரிடம்தான் இருந்தது: பொறுங்கோவிடமும் என்னிடமும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அவர் நேரத்தோடு போய்விட்ட பிறகு, படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் 'சும்மா' என்ற பெயரில் ஒரு கோப்பு கிடந்தது. அளவு இருபது ஜிகாபைட். திறந்து பார்த்தேன். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். எத்தனை பக்கம் கீழே இழுத்தாலும் பூச்சியம்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கூப்பிட்டால் "பொறுங்கோ" என்பார். அந்தக் கோப்பு திங்கட்கிழமைவரை என் கண்ணில் குத்திக்கொண்டு கிடக்கும். அழித்தேன். அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: "பி.ப. 4.40. சேர்வரில் பயனற்ற கோப்பு ஒன்று (சும்மா, 20 ஜிகாபைட்) அகற்றப்பட்டது. மனத்துக்கு நிறைவு."

அது என்ன கோப்பு என்பதை நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை அறிந்துகொண்டேன்.

அன்று 8.45க்கு உரும்பிராயிலிருந்து ஓர் அழைப்பு. அங்கே ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இறந்திருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிரேதம் எடுப்பதாக முதல்நாள் அறிவித்திருந்தோம். மகன் கதைத்தார். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, சுடலைக்குப் போகும் ஒழுங்கையில் வெள்ளம் ஏறினால் வாகனம் போகாது, பன்னிரண்டுக்கே எடுக்கப் போகிறோம், உடனே நேரத்தை மாற்றுங்கள் என்றார். ஊராருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒரே ஒருவருக்கு மட்டும் சொல்ல வழியில்லை: ரீச்சரின் தமையன். இருபது வருடமாக அந்த வீட்டோடு கதைபேச்சு இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் எங்கோ இருக்கிறார். அவருடைய தொலைபேசி இலக்கம் யாரிடமும் இல்லை. ஆனால் முதல்நாள் அந்த அறிவித்தலின் கீழே, அஞ்சலிப் பகுதியில், ஒரு வரி வந்திருந்தது: "தங்கச்சி, நாளைக்கு ரெண்டு மணிக்கு முதல் வந்திடுவன்." அதை அனுமதித்தவன் நான். எழுத்துப் பிழையைத் திருத்தலாமா என்று யோசித்துவிட்டு அப்படியே விட்டிருந்தேன்.

மெற்றில்டா நேரத்தை மாற்றப் பார்த்தாள். பக்கம் திறந்தது, இரண்டு மணி என்று காட்டியது, மாற்ற விடவில்லை. திரும்பத் திரும்ப ஒரே பதில்: டிஸ்க்கில் இடமில்லை.

9.05க்குப் பொறுங்கோ படியேறி வந்தார். வந்தவர் "பொறுங்கோ" என்று சொல்லவில்லை. நேரே போய்க் கதிரையில் இருந்தார். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

நடந்தது இதுதான். தானாக வந்த அப்டேட் ஒன்று இறங்கியது, தன்னை விரித்துப் பார்த்தது, முடியவில்லை. முடியவில்லை என்பதை ஒரு பதிவேட்டில் நீட்டி முழக்கி எழுதியது. பிறகு முதலிலிருந்து மறுபடியும் இறங்கியது. இரவு முழுவதும் இதே வேலை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புகார்க் கடிதம். எழுதி எழுதியே பெட்டியை நிரப்பிவிட்டது. எங்கள் சகலன்மார்கூட அவ்வளவு விடாப்பிடியாகப் புகார் சொன்னதில்லை.

பொறுங்கோ திரையில் ஓர் இடத்தை விரலால் தொட்டார்.

"இதிலை ஒண்டு படுத்திருந்தது" என்றார்.

"என்னண்ணை, பாம்போ?" என்றாள் மெற்றில்டா.

"சும்மா எண்டு ஒண்டு."

எங்கள் பக்கம் திரும்பாமலே விளக்கினார். இப்படி ஒரு நாள் வரும் என்பதற்காகவே அந்த இருபது ஜிகாபைட்டை வெறும் பூச்சியத்தால் நிரப்பிக் கிடத்தி வைத்திருந்தாராம். டிஸ்க் நிரம்பி மூச்சு முட்டும்போது அதை அழித்தால் அவ்வளவு இடமும் உடனே கிடைக்கும். சேர்வர் மூச்சு விடுவார். அதற்குள் நோயைப் பார்த்துக்கொள்ளலாம். 8.20க்கு எச்சரிக்கைச் செய்தி கைபேசிக்கு வந்தபோது பொறுங்கோ பாதி வழியில், வல்லை என்ற வெட்டவெளியில் வந்துகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி, அங்கிருந்தே அந்தக் கோப்பை அழிக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பினார். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பதில் வந்தது.

"அதை ஆரும் அழிச்சியளோ?" என்று கேட்டார்.

மெற்றில்டாவிடம் பாஸ்வேர்ட் இல்லை. கேள்வி யாருக்கு என்பது அறையில் இருந்த மூன்று பேருக்கும் விளங்கியது. நான் நாட்குறிப்பில் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். 9.12 என்று எழுதினேன். அந்த இரண்டின் வாலை நன்றாக நீட்டி எழுதினேன். தலை நிமிரவில்லை.

"சரி" என்றார் பொறுங்கோ.

அதன்பிறகு அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். டிஸ்க்கில் யார் எவ்வளவு தின்றார்கள் என்று ஒவ்வொரு அறையாக அளந்தார். பதிவேட்டைக் கண்டுபிடித்தார், வாசித்தார், அழித்தார். இடம் திரும்பி வரவில்லை. மெற்றில்டா இது பேய்வேலை என்றாள். பேயில்லை, அப்டேட் இன்னும் அந்தப் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறது, பிடித்திருக்கும்வரை அழித்தாலும் அழியாது என்றார். "எங்கடை சனம் மாதிரித்தான் பிள்ளை. ஆள் போனாலும் பிடியை விடாயினம்." அப்டேட்டை நிறுத்தினார். மூன்று வினாடியில் அது மறுபடி எழும்பியது. அதை எழுப்புவதற்கென்றே இன்னொன்று விழித்துக்கொண்டிருந்தது. முதலில் எழுப்புகிறவரைப் படுக்க வைத்தார், பிறகு எழும்புகிறவரை. இடம் வந்தது. ஆனால் மூச்சு முட்டிக் கிடந்த நேரத்தில் அறிவித்தல்கள் எல்லாம் இருந்த களஞ்சியம் பாதி எழுதியபடி உடைந்திருந்தது. அதைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு எல்லாப் பக்கங்களையும் மூடவேண்டும்.

மூடுவதற்கு முன், மெற்றில்டா சொல்லியிருந்த அந்தத் தமையனின் அஞ்சலியை ஒரு தரம் திறந்து, அதோடு அவர் போட்டிருந்த படத்தைப் பார்த்தார். ஒரு மாட்டுக்குப் பக்கத்தில் மெலிந்த மனிதர் ஒருவர் நின்றார். 10.50க்கு வேலையைத் தொடக்கினார்.

"இனி ஒரு மணித்தியாலம் அவரை ஆரும் தொடாதேங்கோ" என்று எழும்பினார். "அவர் தானாத்தான் எழும்ப வேணும். நான் இருந்து பாத்தாலும் ஒண்டுதான், பாக்காட்டிலும் ஒண்டுதான்." ஹெல்மெட்டை எடுத்தார்.

எங்கே போகிறீர் என்று கேட்டேன்.

"பஸ் நிலையத்துக்கு. ரெண்டு மணிச் செத்தவீட்டுக்கு வாற மனிசன் பதினொண்டரைக்குள்ளை வந்து இறங்கும். இறங்கி ஒரு தேத்தண்ணி குடிக்கும். இருபது வருசத்துக்குப் பிறகு போற ஆள் கெதியாப் போகாது அண்ணை."

"மாடு பக்கத்திலை நில்லாட்டில் என்னெண்டு ஆளைப் பிடிப்பியள்?" என்றாள் மெற்றில்டா. அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. இரண்டாவது ஹெல்மெட் கொளுவியில் ஆட, மோட்டார் சைக்கிள் போனதை நான் யன்னலால் பார்த்தேன்.

11.25க்கு மெல்பேணிலிருந்து அழைப்பு வந்தது. சைட் விழுந்து கிடப்பதை முதலாளி கண்டுவிட்டார். பொறுங்கோ எங்கே என்று கேட்டார். வெளியில் போயிருக்கிறார் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை; கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

"வீடு எரியேக்கை வெளியிலையோ போனவர்? டிஸ்க்கிலை கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேணும் எண்டது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுகூடத் தெரியாத ஆளை இவ்வளவு காலமும் வைச்சிருந்திருக்கிறம். என்னண்ணை, நான் சொல்லுறது சரிதானே?"

வாழ்நாள் முழுவதும் இடம் விட்டு வைத்த மனிதருக்கு, இடம் விட்டு வைக்கத் தெரியாது என்று தீர்ப்பு. உலகத்தில் அதை மறுக்கக்கூடிய ஒரே ஆளான நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வசனம் வாயில் தயாராக இருந்தது. 'விட்டு வைத்தவர் அவர், அழித்தவன் நான்.' இலக்கணப் பிழை இல்லாத நல்ல வசனம்.

"ஓம்" என்றேன்.

11.52க்குத் தளம் தானாக எழும்பியது. மெற்றில்டா நேரத்தைப் பன்னிரண்டு என்று மாற்றினாள். மழை தொடங்கியது.

12.35க்குப் பொறுங்கோ நனைந்து ஊறி வந்தார். ஆளைப் பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடையில் பிடித்தாராம். முதலில் நம்பவில்லையாம், தங்கச்சியின் பெயரைச் சொன்னதும் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாராம். உரும்பிராயில் வாகனம் வாசலுக்கு வந்து நின்ற நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். "மனிசன் இறங்கி ஓடினது ஹெல்மெட்டோடை. அப்பிடியே தங்கச்சியின்ரை காலடியிலை போய் நிண்டது. கழட்டச் சொல்ல ஆருக்கும் மனம் வரேல்லை." தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். மெற்றில்டா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு மெல்பேணிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. நின்றபடி கேட்டார். மூன்று தரம் "ஓம்" என்றார். கடைசியில், "நீங்கள் சொல்லுறது சரிதான், இடம் விட்டுத்தான் வைக்க வேணும்" என்றார். பாஸ்வேர்ட்டின் மற்றச் சொந்தக்காரன் யார் என்பது பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

நாலு மணிவரை இருந்து வேலையை முடித்தார். கரியரையும் தலை துவட்டிய துவாயையும் பையில் வைத்தார். லாச்சிகளில் இரண்டை ஒதுக்கினார். மூன்றாவதில் ஒதுக்க ஒன்றும் இல்லை. நான் படி இறங்கிக் கூடவே போனேன். இரும்புக்கடை வாசலில் "இந்தாரும், உமக்கு ஒண்டு சொல்ல வேணும்" என்று தொடங்கினேன்.

"பொறுங்கோ அண்ணை" என்றார். அந்த நாளில் முதல் தரமாக. "இண்டைக்கு வேண்டாம். பேந்து ஆறுதலாக் கதைப்பம்."

அன்றைய நாட்குறிப்பில் நாற்பத்தொரு வரிகள் உண்டு. எல்லா நேரமும் உண்டு. மழை தொடங்கிய நேரம்கூட. அந்த வசனம் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை படங்களை அடுக்க சேர்வருக்குள் போனேன். பழைய மூலையில் 'சும்மா' கிடந்தது. இருபது ஜிகாபைட். அவருடைய கடைசி நாளில், மூன்றரை மணிக்கு, உண்டாக்கப்பட்டிருந்தது. அழிக்க விடுமோ என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்தேன். நீங்கள் இதை அழிக்க முடியாது என்று பதில் வந்தது. எல்லாக் கதவையும் திறக்கும் என் பாஸ்வேர்ட்டுக்கு அந்த ஒரு கதவை மட்டும் பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஒரு கோபச் சொல்லைவிட அது வலித்தது. சிரிப்பும் வந்தது. இப்போது கொழும்பிலிருந்து ஒரு கம்பனி சேர்வரைப் பார்க்கிறது. பயனற்ற கோப்பு ஒன்று இருக்கிறது, அகற்றலாமா என்று வருடத்துக்கு ஒரு தரம் எழுதிக் கேட்பார்கள். வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் எழுதுவேன்.

இது நடந்து மூன்று வருடம். ஆறுதலாகக் கதைக்கிற அந்த நாள் வரவில்லை. உடுப்பிட்டி ஒன்றும் நிலவில் இல்லை. ஒரு மணித்தியாலப் பாதை. சென்ற ஆவணியில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு நெல்லியடியில் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து முன்னால் நின்றது; பொறுங்கோ. தண்ணீர் மோட்டார் திருத்துவதாகவும் இரண்டு பள்ளிக்கூடங்களில் கம்பியூட்டர்களைப் பார்ப்பதாகவும் சொன்னார். மெலிந்திருந்தார். இரண்டாவது ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"ஏறுங்கோ அண்ணை. அச்சுவேலியிலை விடுறன்."

வல்லை வெளியில் காற்று ஆளைத் தள்ளியது. முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத இடம் அதுதான் என்று தோன்றியது. அவருடைய முதுகைப் பார்த்து, "அந்தச் சும்மாவை அழிச்சது நான்தான்" என்று முழுவதுமாகச் சொல்லிவிட்டேன்.

"என்ன அண்ணை?" என்று கத்தினார்.

எனக்கு இன்னொரு தரம் சொல்லப் பலம் இருக்கவில்லை. "ஒண்டுமில்லை. காத்து" என்றேன்.

கொஞ்சத் தூரம் மோட்டார் சைக்கிள் மெதுவாகப் போனது. பிறகு பழைய வேகம் பிடித்தது. அச்சுவேலிச் சந்தியில் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதைப் பின் இருக்கையில் கவனமாகக் கொளுவி, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் செவ்வாய்க்கிழமைகளில், இந்த எழுத்து வெளியாகும் வார இதழை வாங்குகிறவர். ஆகவே காற்று இல்லாத இந்த இடத்தில் எழுதிவிட்டேன். முதலாளிக்கும் நேற்று ஒரு கடிதம் அனுப்பினேன். மூன்று வருடம் பிந்திய கடிதத்துக்கு என்ன பெறுமதி என்று எனக்குத் தெரியாது.

இந்த வருட நாட்குறிப்பில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசி நான்கு வரிகளை ஒன்றும் எழுதாமல் விடுகிறேன். மெற்றில்டா அதைக் கண்டுவிட்டு, "என்னண்ணை, உங்களுக்கும் அந்த வருத்தம் தொத்திவிட்டுதோ, உது ஆருக்கு விட்ட இடம்?" என்று கேட்டாள்.

சும்மா என்றேன்.